'பேஜ்' என்னும் பெயரின் சுமை

நிரலில் வரும் மாறிகளின் பெயர்களை வெறும் அடையாளக் குறிகள் என்றே கருதப் பழகியிருக்கிறோம். இயங்குதளங்களின் நினைவக மேலாண்மை வரலாறு இக்கருத்தை மறுக்கிறது.

1975இல் வெளியான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், காலியாக உள்ள நினைவகப் பகுதிகளைக் குறித்துவைக்கும் அட்டவணைக்குக் 'கோர்மேப்' என்று பெயர். 'கோர்' என்பது அக்கால நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டையும் தாங்கிய சிறு காந்த வளையம். வளையங்கள் மறைந்து குறைக்கடத்திச் சில்லுகள் வந்த பின்னரும் சொல் நிலைத்தது. செயலிழந்த நிரலின் நினைவக நகலை இன்றும் 'கோர் டம்ப்' என்றே அழைக்கிறோம். மொழியியல் பயின்றோர்க்கு இதில் வியப்பில்லை. சொற்பிறப்பு மறந்துபோவதால் சொல் பழுதாவதில்லை. சுட்டும் பொருள் ஒன்றாக இருக்கும்வரை குழப்பமும் நேர்வதில்லை.

'பேஜ்' என்ற சொல்லின் கதை வேறு. 1962இல் மான்செஸ்டரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினியில் அது, ஒவ்வொன்றும் 48 பிட் நீளமுள்ள 512 சொற்கள் அடங்கிய துண்டைக் குறித்தது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். பின்னர், அடுத்தடுத்த பல பக்கங்களை ஒன்றாகக் கையாளும் கூட்டுப் பக்கங்கள் வந்தன. 512 பக்கங்கள் சேர்ந்தால் 2 மெகாபைட். அவற்றுள் முதலாவது தலைப் பக்கம், ஏனையவை வால் பக்கங்கள். தொகுதி முழுவதற்குமான பயன்பாட்டு எண்ணிக்கை தலைப் பக்கத்தில் பேணப்படுகிறது. ஆனால் தனிப் பக்கம், தலை, வால் ஆகிய மூன்றுக்கும் தரவு வகை ஒன்றே. மாறியின் பெயரும் 'பேஜ்' என்ற ஒன்றே. தன்னிடம் வந்தது எது என்று அறியாத செயற்கூறுகள், தலையைத் தேடும் சோதனையை மீண்டும் மீண்டும் செய்ய நேர்ந்தது. சோதனை விடுபட்டால் பிழைக்கு வழி திறந்தது.

மேத்யூ வில்காக்ஸ் முன்மொழிந்த 'ஃபோலியோ' இதற்கு விடையாக வந்தது. நீண்ட விவாதத்துக்குப் பின், 2022 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 5.16இல் அது இடம்பெற்றது. அச்சுத் தொழிலிலும் சுவடியியலிலும் தாளையோ ஏட்டையோ குறிக்கும் சொல் அது. ஃபோலியோ ஒருபோதும் வால் பக்கத்தைச் சுட்டாது என்பதே அதன் வரையறை. தனி வகையாகவும் அமைந்ததால், தவறான ஒன்றைத் தந்தால் கம்பைலரே எச்சரிக்கிறது.

பணி முடிந்துவிடவில்லை. லினக்ஸில் ஒரு முகவரி வெளிக்கு 'எம்எம் யூசர்ஸ்', 'எம்எம் கவுண்ட்' என இரு எண்ணிகள் உள்ளன. முன்னது அவ்வெளியைப் பயன்படுத்துவோரை எண்ணுகிறது. பின்னது அதை விவரிக்கும் தரவுக் கட்டமைப்பைப் பற்றியிருப்போரை எண்ணுகிறது. பயன்படுத்துவோர் அனைவரும் சேர்ந்து பின்னதில் ஒன்றாகவே கணக்கிடப்படுகின்றனர். இவ்வேறுபாட்டைப் பெயர்கள் உணர்த்துவதில்லை. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் குறைத்துவிட்டால், பயன்பாட்டில் உள்ள நினைவகமே விடுவிக்கப்பட்டுவிடலாம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாறிக்குப் பெயரிடும்போது, அது எதைக் குறிக்கிறது என்பதோடு எதைக் குறிக்கவே கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோலியோவின் பயன், அந்த இரண்டாம் கேள்விக்கு விடை தந்ததில்தான் இருக்கிறது.