எவலின் பிரையன் ஜான்சன்

எவலின் பிரையன் ஜான்சன் (4 நவம்பர் 1909 – 10 மே 2012) அமெரிக்க விமானி, விமானப் பயிற்றுநர். உலகில் எந்தப் பெண் விமானியையும் விட அதிக நேரம் பறந்தவர் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றார். அவரது பறப்புப் பதிவேட்டில் இருந்தவை 57,635 மணி நேரம். இரவு பகலாகக் கூட்டினால் ஆறரை ஆண்டுக்கு மேல் வரும். மாணவர்களுக்கு அவர் ‘தாய்ப்பறவை’.

கென்டக்கி மாநிலத்தின் கார்பினில் பிறந்தார். சிலகாலம் பள்ளி ஆசிரியை. பிறகு கணவருடன் டென்னசியில் சலவைக் கடை நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது கணவர் படைக்குச் சென்றுவிட, தொழிலைத் தனியே கவனித்துக்கொண்டிருந்தவரின் கண்ணில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் விளம்பரம் ஒன்று பட்டது. ஆண்டு 1944. பயிற்சித் திடல் நாக்ஸ்வில் நகருக்கருகே, ஆற்றுத் தீவொன்றில் இருந்தது. ரயில், பேருந்து, நடை, கடைசியாகத் துடுப்புப் படகு என்று அங்கே போய்ச் சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே தனியாகப் பறந்தார். 1947-இல் பயிற்றுநர் உரிமம் பெற்றார்.

மாரிஸ்டவுன் நகரின் மூர்-மரல் விமான நிலையத்தை 1953 முதல் நிர்வகித்தார். சின்ன விமானத்தில் மாணவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ஏறுவதையும் இறங்குவதையும் அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதே பயிற்றுநரின் அன்றாடம். அவரது மணிக்கணக்கில் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததுதான். அதனாலேயே அந்த எண்ணுக்குத் தனி மதிப்பு. ஆயிரக்கணக்கானோருக்குக் கற்பித்தார், பின்னாளில் செனட்டரான ஹோவர்ட் பேக்கரும் அவர்களில் ஒருவர். அரசு நியமித்த தேர்வாளராக 9,000-க்கும் மேற்பட்ட உரிமத் தேர்வுகளை நடத்தினார். யாரை வானத்தில் தனியே விடலாம், யாரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அது.

1958-இல் நிலையத்தில் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தபோது ஓடிச்சென்று அதன் என்ஜினை நிறுத்தி, விமானியைக் காப்பாற்ற உதவினார். அதற்காகக் கார்னெகி வீரப் பதக்கம் பெற்றார். மற்ற சிறப்புகளுக்கு அடிப்படை கற்பித்தலும் நெடுநாள் பறப்பும்தான்: 1979-இல் தேசிய அளவில் ஆண்டின் சிறந்த விமானப் பயிற்றுநர் விருது, 1997-இல் விமானப் பயிற்றுநர்களுக்கான புகழ் மன்றத்தில் இடம், 2007-இல் அமெரிக்கத் தேசிய வானூர்திப் புகழ் மன்றத்தில் இடம்.

கடைசி மன்றம் அவரை ஏற்றபோது வயது 97. 2006-இல் நேர்ந்த கார் விபத்தில் ஒரு காலை இழந்திருந்தார். கண் அழுத்த நோயும் சேர்ந்துகொள்ள, பறப்பது நின்றுபோயிருந்தது. நிலைய மேலாளர் பொறுப்பை மட்டும் விடவில்லை. நூறு வயதைக் கடந்தும் அந்தப் பதவியில் இருந்தார்.