செலவும் கட்டணமும்: பினாங்குக் கரையில் ஒரு கணக்கு

செலவு என்னும் சொல் பழந்தமிழில் செல்லுதலையே குறித்தது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் துயர் கண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதை அகமரபு செலவழுங்குதல் என்று வழங்கிற்று. செல்வதற்கு ஆகும் பணமும் அதே சொல்லால் சுட்டப்பெற்றது பின்னாளைய வளர்ச்சி. பினாங்குத் தமிழரின் வரலாற்றில் இவ்விரு பொருளையும் பிரிப்பது எளிதன்று. அவ்வரலாற்றைக் கப்பல்களின் வரலாறாகவே நாம் பெரிதும் எழுதி வந்துள்ளோம். கப்பலேறிய செலவு யாருடைய ஏட்டில் எழுதப்பட்டது என்பதை அத்துணை கேட்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து, பினாங்குக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களுள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர். மக்கள் அவர்களைச் சஞ்சிக்கூலி என்றனர். வாக்குறுதி, உடன்பாடு எனப் பொருள்படும் ஜஞ்சி என்னும் மலாய்ச் சொல், மொழிமுதல் ஜகரம் சகரமாகத் திரிய, நம் வழக்கில் சஞ்சியாயிற்று. சொல் இனியது, அதன் பின்னிருந்த கணக்கு இனியதன்று. கப்பற்கட்டணமும் முன்பணமும் கூலியிலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்பட்டன. நோயால் வேலைக்கு வராத நாள்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்பட்டன. ஏடு கிராணியின் கையில் ஆங்கிலத்தில் இருந்தது. கடன்பட்டவரோ எம்மொழியிலும் எழுதப் படிக்க அறியாதவர். தம் கடன் எவ்வளவு என்பதை அவர் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளர் உழைத்த நாள்களின் கணக்கைக் கொண்டு தோட்ட நிர்வாகங்களிடம் தீர்வை பெற்று, ஊரிலிருந்து துறைமுகம் வரையுள்ள இரயில் கட்டணம், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் உணவு, கப்பற்சீட்டு ஆகியவற்றை அந்நிதி ஏற்றது. 1910இல் ஒப்பந்தமுறை ஒழிந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் இச்செலவைத் தொழிலாளரிடமிருந்து திரும்பப் பெறக்கூடாது என்றன. இந்நிதி உண்மையான முன்னேற்றமே. அதை மறுப்பது நேர்மையாகாது. எனினும் ஊரில் பழங்கடன் தீர்க்கக் கங்காணி தம் கைப்பணமாகக் கொடுத்தது எந்த நிதியின் ஏட்டிலும் ஏறவில்லை. டெக் பயணிகள் ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் காத்திருந்த நாள்களுக்குக் கூலி கிடையாது. இரப்பர் விலை வீழ்ந்த 1930களின் தொடக்கத்தில் அதே நிதியே பல்லாயிரவரைத் திருப்பியனுப்பும் செலவையும் ஏற்றது. வரவழைத்த பணமும் வழியனுப்பிய பணமும் ஒரே பெட்டியிலிருந்து வந்தன.

கடையாட்கள், வணிகர், எழுத்தர் ஆகியோர் தம் சீட்டைத் தாமே வாங்கினர். அவர்களுக்கு இந்நிதி இல்லை.

கூட்டரசு மலாயாவில் 1953 ஆகஸ்டு 1 முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் செலவின் இயல்பே மாறிற்று. அதுவரை பெருஞ்செலவு கப்பற்சீட்டு, அதன்பின் தாள். (தமிழகத்தில் குடியேற்றம், இலங்கையில் குடிவரவு என்பதை நாம் குடிநுழைவு என்கிறோம். நுழைவதில் ஒரு வாயில் இருக்கிறது, காவலரும் இருக்கிறார். நம் சொல்லே பொருத்தமானது.) குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதி பெறவேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தபோது, சிவப்பு அடையாள அட்டையுடன் பல்லாண்டு வாழ்ந்தோரும் மனு எழுத நேர்ந்தது. நாட்கூலித் தொழிலாளர் ஒருவர் ஜார்ஜ்டவுன் அலுவலகத்துக்கு வந்துபோக ஒரு நாள் கூலியை இழப்பார். படகுக் கட்டணம், நிழற்படம், மனு எழுதுபவருக்குரிய கூலி, உடன் வரும் சாட்சியின் ஒரு நாள் ஆகியனவும் சேரும். அலுவலகம் கேட்பது கட்டணம். குடும்பம் கொடுப்பது செலவு. முன்னது சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். பின்னதை எவரும் எழுதி வைப்பதில்லை.

இச்செலவில் மொழிக்கும் ஒரு பங்குண்டு; ஆசிரியர்கள் கருதத்தக்கது அது. தமிழில் ககரம் ஒன்றே வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் நிற்கும், தகரமும் அவ்வாறே. கோபால் என்னும் பெயரைப் பிறப்புப் பதிவில் ஒரு கிராணி ஓர் உரோமன் எழுத்தாலும், பள்ளியில் மற்றொருவர் வேறோர் எழுத்தாலும் தொடங்கினர். ழகரத்துக்கு ஆளுக்கொரு முறை. தந்தை பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தாகச் சுருங்கிற்று. வேறோரிடத்தில் குடும்பப் பெயராக நீண்டது. ஆண்டுகள் கழித்து மகனோ பேத்தியோ விண்ணப்பிக்கும்போது, இவ்விருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கச் சத்தியப் பிரமாணம் தேவையாகிறது. பிரமாண ஆணையருக்குக் கட்டணம்; தமிழிலுள்ள பழைய சான்றுக்கு மொழிபெயர்ப்புக் கூலி; அலுவலகத்துக்கு மீண்டும் ஒரு நாள். மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துமுறை இருந்தால், அந்த ஒரு நாள் இரண்டாகவோ மூன்றாகவோ பெருகும்.