குடல்–மூளைத் தொடர்பு

குடல்–மூளைத் தொடர்பு என்பது குடலும் மூளையும் வேகஸ் நரம்பு, ஹார்மோன்கள், நோய் எதிர்ப்பு மண்டலம் வழியாக ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஏற்பாடு. வேகஸ் இழைகளில் பெரும்பாலானவை குடலிலிருந்து மூளைக்கே செய்தி கொண்டுசெல்கின்றன. உடலின் செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில் உருவாகிறது. ஆனால் அது நேரே மூளைக்குள் புகுவதில்லை.

இத்தொடர்பின் தாக்கத்தை இரவுப் பணியாளர்களிடம் காணலாம். எடுத்துக்காட்டாக, 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இரவு பகலாக இயங்குபவை. இரவு ஷிப்டில் உறங்கும் வேளையில் உண்பதால் குடலின் நாளொழுங்கு குலையும். பொருமல், மலச்சிக்கலோடு எரிச்சலும் சோர்வும் சேர்ந்து வரலாம். இதை மனத்திடக் குறைவு என்று ஒதுக்குவது அநியாயம்.

குடல் நலத்துக்கு உதவும் என்று கருதப்படும் பழைய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. குடலழற்சி நோய்க்கு அதன் பயனைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆராய்ந்தது. மனச்சோர்வுக்கு அதுவே சிகிச்சையாகாது, மருத்துவரைப் பார்க்கவேண்டும்.