டியரும் அருமையும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் உள்ள வானம் பார்த்த பூமியில், 'தண்ணீர் அருமையான ஊர்' என்று யாராவது சொன்னால் புதிதாக வந்தவர் ஆவலோடு செம்பை நீட்டிவிடக் கூடாது. தண்ணீர் கிடைப்பதே அபூர்வம் என்றுதான் அதற்குப் பொருள். அதே ஊரில் தவங்கிடந்து பெற்ற பிள்ளையும் அருமைப் பிள்ளைதான். கிடைப்பதற்கு அரிதாக இருப்பது எதுவோ, அதுவே பிரியத்துக்கு உரியதாகவும் ஆகிவிடுகிறது.

தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இங்கிலீஷ்காரனும் இதே வழியில்தான் போயிருக்கிறான். அவனுடைய 'டியர்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்திலேயே விலை உயர்ந்தது, நேசத்துக்குரியது என்று இரண்டு பொருளும் உண்டு. அரிசி விலை ஏறினாலும் டியர், அகத்துக்காரியும் டியர்!

மற்றச் சொற்கள் இவ்வளவு சுலபமாக நமக்குப் பிடிபடுவதில்லை. 'லவ்லி' என்பது கண்ணுக்கு அழகு. 'லவபிள்' என்பது பழகிப் பார்த்த பிறகு தெரிகிற குணம். 'அடோரபிள்' கும்பிடத்தக்கது என்ற பொருளில் பிறந்து, இன்று தொட்டில் குழந்தைக்கும் பூனைக்குட்டிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 'ஃபாண்ட்' முதலில் அசட்டுத்தனத்தைக் குறித்தது. பிள்ளைமேல் பித்து என்று நாம் சொல்லவில்லையா? 'பிலவட்' அன்பைப் பெறுகிறவர். 'அபெக்ஷனேட்' அன்பைச் செலுத்துகிறவர். இந்தக் கடைசிப் பேதம் முக்கியம். 'டியர் சார்' என்பதை 'அன்புள்ள ஐயா' என்று எழுதுகிறோமே, அன்பு உள்ளவர் யார், எழுதுகிறவரா, படிக்கிறவரா? 'அன்புக்குரிய' என்பதே சரியென்பது என் கட்சி. ஆனால் வழக்கத்தோடு வழக்காட முடியுமா?

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம் பையன்கள் இதையெல்லாம் இலக்கணப் புத்தகத்தைக் காப்பி எழுதித்தான் கற்றார்கள். ஸ்காட்லாந்துப் பேராசிரியர் அலெக்ஸாண்டர் பெயின் 1863-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணம் மதுரைப் பள்ளிக்கூடங்கள் வரையில் வந்திருந்தது. 1896 ஆகஸ்டு 29-ஆம் தேதி, அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல் மாணவன் ஒருவன் பெயின் பாடத்தை மூன்று தடவை எழுத உட்கார்ந்தான். பாடத்தைக் கவனிக்காததற்குத் தண்டனை. இரண்டு முறை எழுதி முடித்தவன் மூன்றாவதில் புத்தகத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணன் நாகசுவாமி கடிந்துகொண்டார். பையன் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன். பிற்பாடு ரமண மகரிஷி.

அன்று அவர் வீட்டை விட்டுப் புறப்படுமுன் தமிழில் எழுதி வைத்த சீட்டைக் கதை எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரியவர்களுக்கு மகாராஜராஜஸ்ரீ, சின்னவர்களுக்குச் சிரஞ்சீவி என்று தொடங்காமல் யார் கடிதம் எழுதினார்கள்? இதில் அப்படி ஒரு விளியும் இல்லை. அன்பைச் சொல்லும் அடைமொழி ஒன்றுகூட இல்லை. 'நான்' என்று ஆரம்பித்தவர் வழியிலேயே 'இது' என்று மாறிவிடுகிறார். யாரும் விசனப்பட வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்கிறார். உலகத்தையே உதறிவிட்டுப் போகிறவர், அண்ணனுடைய காலேஜ் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று மறக்காமல் எழுதுகிறார். சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் ரயிலுக்கென்று மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டோடு வைத்திருந்தார். கடைசியில் 'இப்படிக்கு' என்று போட்டு, பெயருக்குப் பதிலாகக் கோடு இழுத்திருந்தார்.