நைட்டு கூட யாரு?

மகளை மனநலப் பிரிவில் சேர்த்த அன்று வார்டு சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "நைட்டு கூட யாரு இருக்கப் போறீங்க?" இரண்டாவது கேள்வியை ஒரு இளம் மருத்துவர் கேட்டார். "வீட்ல ஏதாவது பிரச்சனையா சார்?"

ஃபைலில் எழுதுவதற்காகத்தான் கேட்டார். என் மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. பிள்ளை மருந்தில் தூங்கியதும் வராந்தாவுக்கு வந்து, "நான் வேலைக்குப் போனதாலயாங்க?" என்றாள். மகளுக்குப் பதினைந்து வயது. யாருமில்லாத அறையில் குரல்கள் கேட்கின்றன என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு நாள் இருந்தோம். இரவில் மனைவி, பகலில் நான். லேப்டாப்பில் ஆபிஸ் வேலை பார்ப்பதாகப் பேர். உண்மையில் அந்த இரண்டு கேள்விகளும் எங்கிருந்து வந்தன என்று தேடிக்கொண்டிருந்தேன். எந்த கமிட்டில் பக் நுழைந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கும் தொழில்புத்தி.

இரண்டாவது கேள்விக்கு மோசமான பூர்வீகம் இருக்கிறது. 1948இல் ஃபிரீடா ஃப்ரோம்-ரைஷ்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை எழுதினார். ஆட்டிசத்துக்கும் அதே கதைதான். 1943இல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், இது பிறவியிலேயே வருவது என்றார். பெற்றோர்களில் பலர் அன்பை வெளிக்காட்டாதவர்கள் என்றும் குறித்தார். உலகம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. 'ஃபிரிட்ஜ் அம்மா' என்ற பட்டம் அப்படிப் பரவியது.

அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் புரூனோ பெட்டல்ஹைம். டாக்காவ், புஹன்வால்ட் நாஜி முகாம்களில் இருந்து மீண்டவர். 1944 முதல் 1973 வரை சிகாகோவில் மனநலம் குன்றிய குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளியை நடத்தினார். அந்தக் குழந்தைகளின் நிலையை முகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். அப்படியென்றால் காவலர் யார்? அம்மாதான். சிகிச்சையும் அதையொட்டியே: பெற்றோரிடமிருந்து பிரித்து வை. 1990இல் அவர் இறந்த பிறகு, அங்கே வளர்ந்த சிலர் அவர் தங்களை அடித்ததாகச் சொன்னார்கள்.

இதை உடைக்க ஒரு அப்பா வரவேண்டியிருந்தது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இல் எழுதிய புத்தகம், காரணம் உடலில்தான் இருக்கிறது என்று வாதிட்டது. 1969இல் கானரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களை விடுவிப்பதாக அறிவித்தார். இதை மனைவியிடம் சொன்னேன்.

"அதுவரைக்கும் அந்த அம்மாக்கள்லாம் என்ன பண்ணியிருப்பாங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

முதல் கேள்வியின் பூர்வீகம் அமிர்தசரஸில் இருக்கிறது. பிரிவினைக்குப் பின் லாகூரிலிருந்து மாற்றப்பட்ட நோயாளிகள் வந்து சேர்ந்த மருத்துவமனை அது. மண்டோவின் 'டோபா டேக் சிங்' படித்தவர்களுக்குப் பின்னணி தெரியும். அங்கே 1950களில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரங்கள் அடித்து, குடும்பத்தினரை நோயாளிகளோடேயே தங்கவைத்தார். நோயைப் பற்றி அவர்களுக்கு விளக்கினார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறுவது வழக்கமாயிற்று. சிகாகோ பெற்றோரை வெளியே தள்ளிய அதே காலத்தில் நடந்தது இது.

உடனே நம் பாரம்பரியப் பெருமை என்று கிளம்ப வேண்டாம். ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம். சட்டமும் இப்போது அதையே சொல்கிறது: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரை அனுமதித்தால் பிரதிநிதியோ அவர் நியமிப்பவரோ முழு நேரமும் உடனிருக்க வேண்டும். நல்ல சட்டம்தான். உடனிருப்பவரின் அன்றாடக் கூலியைத்தான் அது யோசிக்கவில்லை.

எனக்கு லீவு கிடைத்தது. பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா வீட்டு வேலை செய்பவர். பன்னிரண்டாம் நாள் தயங்கித் தயங்கி வந்தார்.

"சார், ரெண்டு மணி நேரம் இவனையும் பாத்துக்கறீங்களா? ஒரு வீட்டை மட்டும் முடிச்சிட்டு ஓடியாந்துடறேன்."

லேப்டாப்பை மூடிவிட்டு, நாற்காலியை இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.