தாரும் கிராம்பும்

புகையும் காரமும் கலந்த சென்ட் செய்ய நினைப்பவர்கள் பலர் முதலில் தேடும் சரக்குகள் இரண்டு: பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுக்கும் தார், கிராம்புத் தைலம். ஒன்று புகை, மற்றது காரம் என்று பிரித்து வைத்தாலும் இரண்டும் பங்காளிகள்தான். விறகுப் புகைக்கு மணம் தரும் குவாயகாலோடு மூன்று கார்பன் கொண்ட சிறு தொடர் ஒன்று ஒட்டினால் யூஜெனால்; கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி அதுதான்.

ஆல்கஹால் ஊற்றி நீர்க்கவிட்டால் பங்காளிகள் பிரிந்துவிடுகிறார்கள். 1 கிராம் சரக்கு, 9 கிராம் ஆல்கஹால் என்ற 10 சதவீதக் கரைசலில் தாரை முகர்ந்தால் கருகிய ரப்பரும் மாசிக் கருவாடும் சேர்ந்த நெடி. 1 சதவீதத்தில் அதுவே தோல் ஜாக்கெட். 1920களில் எர்னஸ்ட் போ ஷனேலுக்குச் செய்த 'குயிர் தெ ருஸ்ஸி' இந்தத் தோல் வாசனைக்குப் பேர்போனது. 0.1 சதவீதத்தில் பைன் புகையில் உலர்த்திய சீனத் தேயிலை. கிராம்பு இத்தனை வேஷம் கட்டுவதில்லை. 10 சதவீதத்தில் பல் டாக்டர் அறை (தற்காலிகமாகப் பல் அடைக்கும் சிமெண்டில் யூஜெனால் உண்டு), 1 சதவீதத்தில் கார்னேஷன் பூ. அதற்குக் கீழே போனால் மற்ற வாசனைகளின் நடுவே அமுங்கிவிடும். தார் அப்போதும் வாயை மூடாது.

பத்து மடங்கு நீர்த்தால் மணம் பத்து மடங்கு குறைவதில்லை. எல்லாச் சரக்கும் ஒரே அளவில் குறைவதும் இல்லை. அதனால் 20 சதவீதத்தில் பொருந்தி நின்ற கலவையை 4 சதவீதக் கொலோனாக்கினால், என் மூக்குக்குப் புகை மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது. எந்த அடர்த்தியில் பூசப்போகிறோமோ அந்த அடர்த்தியிலேயே எடைபோட வேண்டும். காகிதக் கீற்றில் ஆல்கஹால் பறக்கும்வரை பொறுத்து, நீர்த்ததிலிருந்து அடர்ந்ததற்குப் போவது நல்லது. முதலிலேயே 10 சதவீதத் தாரை முகர்ந்த மூக்கு மரத்துப்போய், அடுத்த கீற்றை வெறும் காகிதம் என்றுதான் சொல்லும்.

காரம் போதவில்லையென்று கிராம்பை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. யூஜெனால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும். அதற்கு வாசனைப் பொருள் துறையின் இஃப்ரா அமைப்பு விதித்த உச்சவரம்பு உண்டு. தாரிலும் சுத்திகரித்ததுதான் உதவும். கச்சாத் தாரில் புற்றுநோய் தரும் சேர்மங்கள் இருக்கின்றன. கொலோனுக்கென்றால் நான் தாரைப் பாதியாக்கிவிட்டு, கொஞ்சம் மிளகுத் தைலம் சேர்ப்பேன்.