ஒமெப்பிரசோல்

ஒமெப்பிரசோல் என்பது, இரைப்பையின் உட்சுவரில் அமிலம் சுரக்கும் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து அவற்றின் தொழிலை நிறுத்திவைப்பதன் மூலம், குடற்புண், நெஞ்செரிச்சல் முதலிய உபாதைகளுக்கு நிவாரணம் அளிக்கும் ஒரு மருந்து. அஸ்ட்ரா நிறுவனத்தைச் சார்ந்த ஹெஸ்லே என்னும் ஸ்வீடன் தேசத்து ஆய்வுக்கூடத்தில் 1979ஆம் ஆண்டு முதன்முதலாக ஆக்கப்பெற்று, 1988இல் விற்பனைக்கு வந்த இதன் அடியொற்றி, லான்சோபிரசோல், பான்டோபிரசோல், ரபிப்பிரசோல், எசோமெப்பிரசோல் என்பன ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின; பெயரின் ஈற்றைப் பார்த்தே இவை ஒரே குடும்பத்தவை என்று அறிந்துகொள்ளலாம். இந்தியாவில் வைத்தியரின் சீட்டின்பேரில் மட்டுமே விற்கப்படவேண்டிய மருந்துகளின் ஜாபிதாவில் இவை இடம்பெற்றிருந்தபோதிலும், நடைமுறையில் 'கேஸ் மாத்திரை' என்ற பெயரால் கடைகளில் கேட்டு வாங்கப்படுவது யாவரும் அறிந்ததே. அப்பெயரே ஒரு பிழை. வயிற்றில் சேரும் வாயுவுக்கும் இம்மருந்துக்கும் நேரான சம்பந்தம் ஏதும் இல்லை. இது தணிப்பது அமிலத்தை.

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதை 1824இல் வில்லியம் பிரௌட் என்ற ஆங்கில வைத்தியர் நிறுவினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் ஜீரண நீரைச் சுரக்கும் இந்த உறுப்பு, உணவிலுள்ள கிருமிகளைக் கொல்வதும், புரதத்தைச் சிதைக்கத் துணைபுரிவதும், இரும்புச்சத்தும் பி-12 வைட்டமினும் உடலிற் சேர வழிசெய்வதும் இந்த அமிலத்தைக் கொண்டே. ஆகையால் அமிலம் என்றாலே பகை என்று கருதுவது சரியன்று. அது மேலே ஏறி உணவுக்குழாயைச் சுடும்போதும், புண்பட்ட இடத்தை ஆறவிடாமல் அரிக்கும்போதுமே தணிக்கப்படவேண்டியதாகிறது. நெடுங்காலம் வரையில் சோடா உப்பு முதலிய காரங்களால் சுரந்த அமிலத்தை முறிப்பதும், அது பயன்படாதபோது சத்திரசிகிச்சையால் இரைப்பைக்குச் செல்லும் நரம்பை அறுப்பதுமே வழியாக இருந்தன. ஜேம்ஸ் பிளாக் என்பவரின் முயற்சியால் 1976இல் வெளிவந்த சிமெடிடின், ஹிஸ்டமினின் தூண்டுதலைத் தடுத்து அமிலம் சுரப்பதையே குறைத்தது. அந்த வகையான ஆராய்ச்சிக்காக அவர் 1988இல் நோபல் பரிசில் பங்குபெற்றார். தூண்டுதல் எந்த வழியாக வந்தாலும் கடைசியில் அமிலத்தை வெளியே தள்ளுகிற 'புரோட்டான் பம்பு' என்னும் நொதியையே முடக்கியது ஒமெப்பிரசோலின் விசேஷம்.

இம்மருந்தை எப்போது உட்கொள்வது என்ற கேள்விக்கு விடை அது வேலை செய்யும் விதத்திலேயே அடங்கியிருக்கிறது. ஒமெப்பிரசோல் அமிலத்தில் அழிந்துபோகும் இயல்புடையதாகையால், இரைப்பையைக் கடந்து சிறுகுடலை அடையும் வரையில் கரையாத பூச்சொன்று அதன் மணிகளுக்கு இடப்படுகிறது. குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, சுற்றிவந்து, அமிலம் சுரந்துகொண்டிருக்கும் உயிரணுவை அடைந்த பின்னரே, அங்குள்ள அமிலத்தாலேயே அது செயல்வடிவம் பெற்று நொதியோடு பிணைந்துகொள்கிறது. உணவு வந்து தூண்டும்போதுதான் பம்புகள் விழித்தெழுகின்றன; உறங்கும் பம்பை இம்மருந்து தொடுவதில்லை. இரத்தத்தில் இதன் அளவு சுமார் 1 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், பம்புகள் விழிக்கும் வேளையும் மருந்து இரத்தத்தில் நிறைந்திருக்கும் வேளையும் ஒன்றாக அமையும்படி, காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிஷங்களுக்கு முன்பு அதை விழுங்குவது உத்தமம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, நெஞ்சு எரிகிறதே என்று அப்போது மாத்திரையைத் தேடுபவர், பயனின் பெரும்பகுதியை இழக்கிறார். இருவேளை உட்கொள்ளும்படி வைத்தியர் விதித்திருப்பின், இரண்டாவது வேளை இராச் சாப்பாட்டுக்கு முன்பு. பிணைந்த நொதி மீண்டும் பிணிப்பிலிருந்து விடுபடாமல், உடல் புதிய நொதியைச் செய்துகொண்டே தீரவேண்டியிருப்பதால், மருந்து இரத்தத்தை விட்டு அகன்ற பின்னும் அதன் பலன் ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது. எனினும் முழுப்பலன் தெரிய 3 முதல் 5 நாட்கள் ஆகும். முதல்நாளே குணம் தெரியவில்லை என்று மாத்திரையை இரட்டிப்பாக்குவது வீண். அந்த இடைக்காலத்தில் எரிச்சல் பொறுக்கமுடியாதபோது சாதாரண அமிலமுறிவு மருந்தொன்றைத் துணைக்குக் கொள்ளலாம்.

பூச்சிட்ட மணிகளாதலால் மாத்திரையைப் பொடிசெய்வதும் கடிப்பதும் கூடாது. விழுங்க இயலாதவர்களுக்காகச் சில வகைக் குளிகைகளைத் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை நீரிலோ புளிப்பான பழக்கூழிலோ கலந்து மெல்லாமல் கொடுக்க இடமுண்டு; பாலிலோ சோடாவிலோ கலத்தல் கூடாது. ஒருவேளை மறந்துபோனால் நினைவு வந்தபோது உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் மறந்ததை விட்டுவிட வேண்டும்.

எத்தனை நாள் என்பது வியாதியைப் பொறுத்தது. சிறுகுடலின் தொடக்கத்திலுள்ள புண்ணுக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் வீதம் பெரும்பாலும் 4 வாரங்களும், இரைப்பைப் புண்ணுக்கு 40 மில்லிகிராம் வரையில் 4 முதல் 8 வாரங்களும், அமிலம் மேலேறும் நோய்க்கு 4 முதல் 8 வாரங்களும் விதிக்கப்படுவது வழக்கம். புண்ணுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி என்று தெரிந்தால், அமிலத்தைத் தணிப்பது மட்டும் போதாது. அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின் முதலிய கிருமிநாசினிகளோடு சேர்த்து 14 நாட்கள் வரை இதைக் கொடுத்துக் கிருமியை ஒழிக்கவேண்டும். அக்கிருமியைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்; அவர்களுள் மார்ஷல், 1984இல், கிருமி நிறைந்த திரவத்தைத் தாமே குடித்துத் தம் இரைப்பையை அழற்சிக்கு உள்ளாக்கி நிரூபணம் தேடியவர். மனக்கவலையும் காரமான உணவுமே புண்ணுக்குக் காரணம் என்ற பழைய கொள்கை அதன் பின்னர் பெரிதும் தளர்ந்துபோயிற்று. ஆயினும் நம் வீடுகளில் இன்றும் பழி மிளகாயின் மீதே விழுகிறது.

இம்மருந்து எரிச்சலைத் தணிக்கும் வல்லமையே சில சமயம் ஆபத்துக்கு இடமாகிறது. இரைப்பைப் புற்று உள்ளவருக்கும் இதனால் ஓரளவு சுகம் கிடைப்பதால், வியாதி மறைந்து வளர வழியுண்டாகிறது. ஆகையால் உணவு விழுங்குகையில் தொண்டையிலோ மார்பிலோ தடைபடுதல், காரணமின்றி உடல் மெலிதல், தார்போல் கறுத்த மலம், இரத்த வாந்தி, சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் எண்டோஸ்கோப்பி முதலிய சோதனைகளுக்கு உட்படுவது அவசியம். நடக்கும்போது மார்பில் தோன்றி, தோளிலும் தாடையிலும் பரவி, வியர்வையுடன் வரும் வலியை 'கேஸ்' என்று தீர்மானித்து மாத்திரை ஒன்றை விழுங்கிப் படுத்துக்கொண்டவர், இருதயத்துக்குச் சிகிச்சை செய்யவேண்டிய பொன்னான நேரத்தை இழந்துவிடுகிறார். கிருமியைக் கண்டறிய மூச்சுச் சோதனை செய்வதாயின் 2 வாரங்களுக்கு முன்பே இம்மருந்தை நிறுத்தியிருக்கவேண்டும். இல்லையேல் இருக்கும் கிருமி இல்லை என்று காட்டும்.

பிற மருந்துகளோடு இதற்குள்ள உறவு தனியே கவனிக்கத்தக்கது. இருதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் உட்கொள்ளும் குளோபிடோகிரெல், கல்லீரலின் நொதி ஒன்றால் மாற்றமடைந்த பின்னரே பயன்படுவது. அதே நொதியை ஒமெப்பிரசோலும் எசோமெப்பிரசோலும் தடுப்பதால் அதன் பலன் குன்றக்கூடும் என்று 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் எச்சரித்தது. அத்தகையோருக்கு அவ்வளவு தடுக்காத பான்டோபிரசோலை வைத்தியர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கின்றனர். அமிலத்தின் துணையால் உடலிற் சேரும் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, கீட்டோகோனசோல், எச்.ஐ.வி. நோய்க்கான அட்டாசனாவிர் ஆகியவற்றின் பலன் குறையக்கூடும். அதே நோய்க்கான ரில்பிவிரினோடு இதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. மிகுந்த அளவில் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட்டின் நச்சுத்தன்மை கூடக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை உட்கொள்பவர் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. நம் நாட்டில் இவ்வகை மாத்திரையோடு 30 மில்லிகிராம் டாம்பெரிடோனையும் சேர்த்து ஒரே குளிகையாக விற்கும் வழக்கம் பரவியுள்ளது. வாந்தியை அடக்கும் அந்த இரண்டாவது மருந்து இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியதென்பதால் ஐரோப்பாவில் 2014இல் ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாகக் கொடுக்கலாகாது என்று வரையறுக்கப்பட்டது. அமிலத்துக்காக மாதக்கணக்கில் குளிகை உண்பவர், தம்மையறியாமல் டாம்பெரிடோனையும் மாதக்கணக்கில் உண்கிறார் என்பதைச் சீட்டிலும் அட்டையிலும் பார்த்துத் தெளிதல் வேண்டும். பெயர் மயக்கத்துக்கும் ஓர் உதாரணம் இம்மருந்தின் சரித்திரத்திலேயே உண்டு: அமெரிக்காவில் 'லோசெக்' என்ற பெயரில் வந்தபோது, நீர்பிரிக்கும் மருந்தாகிய 'லாசிக்ஸ்' என்று அது தவறாகப் படிக்கப்பட்டமையால், 1990இல் 'பிரைலோசெக்' என்று பெயரை மாற்றவேண்டியதாயிற்று.

சில வாரங்கள் உட்கொள்வோருக்குத் தலைவலி, வயிற்றுப்போக்கு, குமட்டல் என்பவற்றுக்கு மேல் துன்பம் நேர்வது அரிது. நெடுங்காலம் உண்போரைப் பற்றியே விவாதங்கள் எழுந்துள்ளன. ஓராண்டுக்கு மேல் மிகுந்த அளவில் உண்போருக்கு இடுப்பெலும்பு முறிவும், மூன்று மாதங்களுக்கு மேல் உண்போருக்கு இரத்தத்தில் மக்னீசியக் குறைவும், பல ஆண்டுகள் உண்போருக்கு பி-12 குறைவும் ஏற்படலாமென்று எச்சரிக்கைகள் உண்டு. குடலிலே கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் கிருமியால் விடாத பேதி வருதலும், அரிதாகச் சிறுநீரகத்தில் அழற்சி தோன்றுதலும் அறியப்பட்டவை. தசைப்பிடிப்பு, படபடப்பு, காரணமறியாத சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றினால் அவற்றை வைத்தியரிடம் சொல்லவேண்டும். ஆயினும் இக்குற்றச்சாட்டுகளுள் பல, மருந்துண்டவர்களையும் உண்ணாதவர்களையும் வெளியிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்து எழுந்தவையேயன்றி, காரண காரியம் நிறுவப்பட்டவை அல்ல. 17,000க்கு மேற்பட்டோரைச் சுமார் 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஒரு பெருஞ்சோதனையில், பான்டோபிரசோல் உண்டவர்களிடம் குடல் தொற்று மட்டுமே தெளிவாகச் சற்று மிகுந்திருந்தது. எனவே அஞ்சி நடுங்கவேண்டியதில்லை. காரணம் தீர்ந்த பின்னும் பழக்கத்தினால் உண்பதே தவிர்க்கத்தக்கது.

நிறுத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமிலம் குறைந்திருந்த காலத்தில் அதைத் தூண்டும் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் பெருகியிருப்பதால், மருந்து நின்றவுடன் அமிலம் முன்னிலும் மிகுதியாகச் சுரக்கும். டென்மார்க்கில் எவ்வித வயிற்றுக் கோளாறும் இல்லாத 120 பேரைக் கொண்டு செய்து 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 8 வாரங்கள் எசோமெப்பிரசோல் உண்டு நிறுத்தியவர்களுள் 100க்கு 44 பேருக்கு நெஞ்செரிச்சல் முதலியன தோன்றின. வெற்று மாத்திரை உண்டவர்களுள்ளோ 100க்கு 15 பேருக்கே. இவ்வெரிச்சலைப் பழைய நோயின் மீட்சி என்று எண்ணி மீண்டும் மாத்திரையைத் தொடங்குவதனாலேயே பலர் ஆண்டுக்கணக்கில் இதற்கு அடிமைபோலாகின்றனர். நெடுநாள் உண்டவருக்கு வைத்தியர் அளவைப் பாதியாக்கியோ, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கியோ, இடையே அமிலமுறிவு மருந்தைத் துணைக்குத் தந்தோ படிப்படியாக நிறுத்தச் செய்வதுண்டு. மறுபுறம், உணவுக்குழாய் கடுமையாக அரிக்கப்பட்டவர், அதன் உட்தோல் மாறிவிட்ட பாரெட் நிலையினர், முன்பு ஒருமுறை புண்ணிலிருந்து இரத்தம் கசிந்திருந்தும் இருதயத்துக்காக ஆஸ்பிரினையோ மூட்டுவலிக்காக வலி மாத்திரையையோ விடமுடியாத முதியவர் ஆகியோருக்கு இம்மருந்து நெடுங்காலத் துணையாகவே அமையும். எலும்பு முறியும் என்ற பேச்சைக் கேட்டு இவர்கள் தாமாக நிறுத்திவிட்டால், அடுத்த இரத்தக் கசிவு அவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.